தயிர்க் கிண்ணமும் நாற்பது நிமிடமும்: தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, உணவுக்கூடத்து மேசைகளில் ஃபிளாஸ்க் காபியோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் நம் எல்லோருக்கும்தான் இந்தக் கடிதம். அங்கே நாம் எதைத்தான் பேசவில்லை? விசா, வீட்டு வரி, ஓக் ட்ரீ சாலைக் கடையில் நல்ல முருங்கைக்காய் வந்திருக்கிறதா, எந்த ஆசிரியர் கணக்கு நன்றாகச் சொல்லித் தருகிறார், எல்லாம் பேசுகிறோம். "என் பிள்ளைக்கு ஏடிஎச்டி, மருந்து கொடுக்கிறோம்" என்று மட்டும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. (ஏடிஎச்டி என்றால் கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத ஒரு மூளை வளர்ச்சிக் கோளாறு.) நானும் ஒன்றரை வருடமாகச் சொல்லவில்லை.

அப்படி மறைத்ததில் எங்கள் வீட்டுப் பூனை செத்துப் பிழைத்தது. அதனால்தான் எழுதுகிறேன். மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவனுக்கு ஒன்பது வயது. "என் பேரு போடாதீங்கம்மா, மிளகு பேரு போட்டுக்கோங்க" என்றான்.

மிளகு எங்கள் பூனை. நாலு கிலோ எடை. உடம்பெல்லாம் கறுப்பு, தாடையில் மட்டும் ஒரு வெள்ளைத் துளி. பால் வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். தயிர் என்றால் உயிர்.

மகனுக்கு காப்சூல் விழுங்க வராது. அவன் சாப்பிடுவது லிஸ்டெக்சாம்ஃபெட்டமின். வைவான்ஸ் என்ற பெயரில் 2007-இல் இந்த நாட்டில் அனுமதி பெற்ற மருந்து, 2023-இலிருந்து வேறு கம்பெனிகளின் ஜெனரிக்காகவும் கிடைக்கிறது. காப்சூலைத் திறந்து பொடியைத் தண்ணீரிலோ ஆரஞ்சு சாற்றிலோ தயிரிலோ கலந்து உடனே கொடுக்கலாம் என்று மருந்தோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் தயிர்தான். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், இரண்டு கரண்டித் தயிர், 30 மில்லிகிராம் பொடி, கொஞ்சம் சர்க்கரை. அந்தக் கிண்ணம் அவனுக்கென்றே வைத்தது.

கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் இருக்க வந்திருந்த என் மாமியாருக்கு அந்தப் பொடி என்னவென்று தெரியாது. கேட்டபோது "வைட்டமின், அத்தை" என்று சொல்லியிருந்தேன். நல்ல மனுஷி. ஆனால் பேரனுக்கு மூளைக்கு மருந்து என்று தெரிந்தால் ஊரெல்லாம் போன் போகும், "குழந்தைன்னா ஓடியாடத்தானே செய்யும்" என்று தினமும் ஒரு வாக்குவாதம் வரும் என்று பயந்தேன். உங்களில் பலருக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மகன் பாதித் தயிரைச் சாப்பிட்டான், பஸ் சத்தம் கேட்டது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஏழேகால் மணிக்கு நான் சமையலறைக்குள் வந்தபோது கிண்ணம் தரையில் இருந்தது. மிளகு அதைச் சுவரோரம் வரை தள்ளிக்கொண்டு போய் நக்கிக்கொண்டிருந்தான். கிண்ணம் துடைத்து வைத்தாற்போல் பளபளவென்று இருந்தது. எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு அலுவலகக் கூட்டத்துக்கு மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். மருந்து என்ற நினைப்பே வரவில்லை. அப்போதே வந்திருந்தால் மீதிக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பதேகாலுக்கு அத்தை கூப்பிட்டார். "மிளகுக்கு என்னமோ ஆயிடுச்சு, வந்து பாரு." சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். செக்கில் கட்டிய மாடு மாதிரி, ஒரே பக்கமாக, நிற்காமல். கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் வளையமே இல்லை, முழுக்கக் கறுப்பு. ஜன்னலில் வெயில் அடிக்கும்போது பூனைக் கண் கோடாகச் சுருங்க வேண்டாமா? சுருங்கவில்லை. நின்ற இடத்தில் தலை மட்டும் மேலும் கீழுமாக ஆடியது. தூக்கினேன். மார்பில் கை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை, ஒரே அதிர்வாக இருந்தது. வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தான். பூனை வாயைத் திறந்து இரைத்தால் அதுவே அவசரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

கூடையில் போட்டுக்கொண்டு அவசர விலங்கு மருத்துவமனைக்கு ஓட்டினேன். அத்தையும் ஏறிக்கொண்டார். வழியில் "உப்பைக் கரைச்சு ஊத்தினா வாந்தி எடுத்துரும்" என்றார். நல்லவேளை, வண்டியில் உப்பு இல்லை.

வரவேற்பில் இருந்த பெண் மிளகை உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் வந்து என்னிடம் கேள்வி கேட்டார். வீட்டில் லில்லிப் பூ இருக்கிறதா? எலி மருந்து? மனிதர்கள் சாப்பிடும் மாத்திரை எதையாவது தின்றிருக்கலாமா? "இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் வந்து, குறிப்பாகவே கேட்டார்: மனச்சோர்வு மாத்திரை, ஏடிஎச்டி மாத்திரை, கஞ்சா, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த நொடியில் எனக்குக் கிண்ணம் ஞாபகம் வந்துவிட்டது. பளிச்சென்று. பக்கத்தில் அத்தை. எதிர் வரிசையில் நம் பள்ளியிலேயே படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோர், நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நான் "இல்லை" என்றேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனவன். பத்தரைக்கு மருத்துவர் வெளியே வந்தார். உடம்புச் சூடு 105.6 டிகிரி ஃபாரன்ஹீட். பூனைக்கு 100.5-இலிருந்து 102.5 வரைதான் இயல்பு. நாடித் துடிப்பு 280. மூளையில் ஏதாவது கோளாறா என்று பார்க்க வேண்டும், வலிப்பு வந்தால் என்ன செய்யலாம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பேனாவை வாங்கினேன், கை ஓடவில்லை. "தனியாக ஒரு நிமிடம் பேசலாமா?" என்று நடைவழிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன்.

ஒன்றரை வருடமாக மனதுக்குள் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஏன் மருந்து கொடுக்கிறோம், வேறு எதையெல்லாம் முயன்று பார்த்தோம், பள்ளியில் அவன் எப்படி அழுவான், எல்லாவற்றுக்கும். அவர் அதில் எதையும் கேட்கவில்லை. மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, உடனே கரைவதா மெதுவாகக் கரைவதா. இந்த நாலு கேள்விதான். பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அந்த நாலு கேள்விக்கும் ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை அன்றும் மறுநாளும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

என் மகன் சாப்பிடுவது போன்ற ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்களை நரம்பு முனைகளிலிருந்து வெளியே தள்ளுகின்றன, திரும்ப உள்ளே போகவும் விடுவதில்லை. அளவோடு கொடுத்தால் என் மகனுக்குக் கவனம் நிற்கிறது. பூனைக்கு அது இதயத்தை விரட்டுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, தசைகளை நடுங்க வைக்கிறது. நடுங்கும் தசை சூட்டைக் கூட்டுகிறது. சூடு 106-ஐத் தாண்டிப் போய் நின்றுவிட்டால் தசை சிதைந்து சிறுநீரகம் கெடும், ரத்தம் உறையும் முறையே குலைந்துபோகும். இந்த விஷத்தில் விலங்குகள் சாவதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடும் வலிப்பும் இதயமும்தான் காரணம்.

அளவைப் பாருங்கள். 30 மில்லிகிராம் லிஸ்டெக்சாம்ஃபெட்டமினிலிருந்து உடம்பு கடைசியில் பிரித்தெடுப்பது 9 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், அதாவது உண்மையில் வேலை செய்யும் ஆம்ஃபெட்டமின். 30 கிலோ எடையுள்ள என் மகனுக்கு அது கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். மிளகு நக்கியது பாதிதான், ஆனாலும் அவன் எடைக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாகவே விலங்குகளிடம் அறிகுறிகள் தொடங்கலாம். இதுவே அடரால் என்ற இன்னொரு ஆம்ஃபெட்டமின் மருந்தின் 20 மில்லிகிராம் காப்சூல் ஒன்றை முழுசாக விழுங்கியிருந்தால் கிலோவுக்கு 5. "ஒரே ஒரு மாத்திரைதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நேரமும் வகையும் எதற்கென்றால், சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வேலையைக் காட்டிவிடும். அடரால் எக்ஸ்ஆர் மாதிரி நாள் முழுக்க நிற்கும் காப்சூலில் பாதி மணிகள் உடனே கரையும், மீதிப் பாதி சுமார் நாலு மணி நேரம் கழித்துக் கரையும். லிஸ்டெக்சாம்ஃபெட்டமின் உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களில் உடைந்த பிறகுதான் மருந்தாகவே ஆகிறது. ஆகவே "தின்று ஒரு மணி நேரம் ஆச்சு, நல்லாத்தானே விளையாடுது" என்று யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. தின்றது தெரிந்ததும், எந்த அறிகுறியும் இல்லாதபோதே கொண்டுபோனால், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கவோ கரித்தூள் மருந்து கொடுத்து வயிற்றிலேயே மடக்கவோ மருத்துவரால் முடியும். நடுக்கமும் தள்ளாட்டமும் வந்துவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து. ஏழேகாலுக்கு நான் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டேனே, அப்போது கதவு திறந்துதான் இருந்தது.

அப்புறம் பெயர். என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது இதுதான். இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. நரம்பை அடக்கி, சூட்டை இறக்கி, உடம்பு மருந்தைக் கழித்து முடிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. துடிக்கிற, வலிப்பு வரப்போகிற பூனைக்குக் காரணம் தெரியாவிட்டால் மருத்துவர் கை இயல்பாக, வலிப்பை அடக்கும் டயஸிபாம் வகை மருந்துக்குத்தான் போகும். மற்ற எத்தனையோ இடங்களில் அதுதான் சரி. ஆனால் ஆம்ஃபெட்டமின் விஷத்தில் அந்த வகை சில சமயம் பதற்றத்தைக் கூட்டிவிடும் என்பதால் அதை முதல் மருந்தாக எடுக்கத் தயங்குவார்கள். அசிப்ரோமசின், இல்லையென்றால் குளோர்ப்ரோமசின், இவைதான் முதலில். டோபமின் போய் உட்காரும் இடத்தையே மறிப்பவை அவை. ஒரே பூனை, ஒரே நடுக்கம், எடுக்கிற ஊசி வேறு. எதை எடுப்பது என்பதை என் ஒரு வார்த்தைதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை நாற்பது நிமிடம் வாய்க்குள் வைத்திருந்தேன்.

அசிப்ரோமசின் போட்ட பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முன்னங்காலில் மயிரை மழித்து ஊசிக்குழாய் ஏற்றி, சலைன் ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் துண்டு போட்டு மின்விசிறி வைத்திருந்தார்கள். ஐஸ் தண்ணீர் கூடாதாம், தோலின் ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும். 103 டிகிரி பக்கம் வந்ததும் துண்டை எடுத்துவிட்டார்கள், இல்லையென்றால் சூடு இயல்புக்கும் கீழே இறங்கிவிடும் என்றார்கள். பிறகு ஓர் இருட்டு அறை. கூண்டின் மேல் போர்வை. கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார்கள், சத்தம் கேட்டால் நடுக்கம் திரும்பும். நாடித் துடிப்பு அப்போதும் இறங்கவில்லை என்று புரோப்ரனலால் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் ரத்தக்கொதிப்புக்கும் படபடப்புக்கும் சாப்பிடும் அதே மாத்திரை வகை. தசை நடுக்கத்துக்கு மெத்தோகார்பமால் தயாராக இருந்தது. செரட்டோனின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருள் ஏறிவிட்டது போலத் தெரிந்தால் கொடுக்க என்று இன்னொரு மருந்தும் எடுத்து வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தேன். சிப்ரோஹெப்டடின். ஊரில் சோறு தின்னாத பிள்ளைக்குப் பசி டானிக் என்று வாங்கிக் கொடுப்பார்களே, அதே மருந்துதான்.

இரண்டு இரவு இருந்தான். இந்த அறிகுறிகள் மூன்று நாள் வரைகூட நீளலாம் என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை இரண்டு முறை, இரண்டும் சரியாக வந்தது. வியாழக்கிழமை மதியம் கூட்டிவந்தோம்.

செவ்வாய் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மகனைத் தூங்க வைத்த பிறகு, அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏடிஎச்டி என்றால் என்ன, அந்தப் பொடி என்ன, ஏன் வைட்டமின் என்று சொன்னேன், எல்லாம். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கிண்ணத்தைக் கீழ வச்சது நான்தாம்மா. வைட்டமின்தானே, வீணாப் போவானேன், அதுவும் ஒரு வாய் சாப்பிடட்டும்னு வச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மேசையிலிருந்து பூனைதான் தட்டிவிட்டது என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே அலம்பிக் கவுத்தி வச்சிருப்பேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சரி. உங்களிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள். பகலில் நம் வீடுகளில் இருப்பது அவர்கள்தான். பிள்ளை பாதியில் விட்டுவிட்டுப் போன தட்டை எடுப்பதும், தரையில் உருளும் காப்சூலைப் பார்ப்பதும் அவர்கள்தான். வைட்டமின் என்று சொன்னால் வைட்டமினைப் போலத்தான் அதை நடத்துவார்கள்.

எங்கள் ஃபிரிட்ஜில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மருந்தின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், எத்தனை மில்லிகிராம், மிளகின் எடை, பக்கத்து அவசர விலங்கு மருத்துவமனை எண், இரண்டு நச்சு உதவி எண்கள். ஒன்று ஏஎஸ்பிசிஏ விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையம், 888-426-4435. மற்றது பெட் பாய்சன் ஹெல்ப்லைன், 855-764-7661. இரண்டும் நாள் முழுக்க இயங்குபவை, கட்டணம் கேட்பார்கள். மருந்தும் அளவும் எடையும் சொன்னால் நச்சியல் தெரிந்த மருத்துவர்கள் கணக்குப் போட்டு, வீட்டிலேயே பார்க்கலாமா, ஓட வேண்டுமா என்று சொல்வார்கள். சிகிச்சை செய்யும் மருத்துவரும் அவர்களிடம் பேசிக்கொள்ளலாம். போனில் ஆங்கிலம்தான் என்பதால் அத்தையை மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கியிருக்கிறேன். இரண்டே நாளில் படித்துவிட்டார்.

கை வைத்தியம் எதுவும் வேண்டாம். உப்புக் கரைசல் பூனையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி அதனாலேயே கொல்லும். நாய்க்கு வாந்தி வரவழைக்கச் சிலர் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும். பால், மோர், எண்ணெய் எதுவும் இந்த மருந்தை முறிக்காது. இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: உடம்பு சுடுகிறதே என்று டைலெனாலோ ஊரிலிருந்து கொண்டுவந்த குரோசினோ கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலைக் கழிக்கத் தேவையான வழி பூனையின் கல்லீரலில் சரியாகக் கிடையாது. ஒரு மாத்திரையே அதன் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஆம்ஃபெட்டமினில் பிழைக்கக்கூடிய பூனை அதில் போய்விடும்.

"நாம சொல்லாட்டியும் டெஸ்ட்ல தெரிஞ்சிடாதா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். மனிதர்களுக்கான சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை விலங்கு மருத்துவர்களும் சில நேரம் பயன்படுத்துவது உண்மைதான். ஆம்ஃபெட்டமின் அதில் தெரியலாம். ஆனால் ஏடிஎச்டிக்கே கொடுக்கும் ரிட்டலின், கான்சர்ட்டா போன்ற மெத்தில்ஃபெனிடேட் மருந்துகள் அந்த அட்டையில் தெரிவதில்லை. "மருந்து எதுவும் இல்லை" என்று அட்டை காட்டுவதை நம்பி மருத்துவர் வேறு திசையில் போய்விடலாம். நடுங்குகிற பூனையிடமிருந்து சிறுநீர் எடுப்பதற்குள் போகிற நேரம் வேறு.

போலீஸ், பள்ளிக்கூடம் என்று பயப்படுபவர்களுக்கு: மருத்துவர் எழுதிக் கொடுத்து முறையாக வாங்கிய மருந்தைப் பூனை தவறுதலாக நக்கியது குற்றமல்ல. இந்த மருந்துகள் இரண்டாம் அட்டவணையில், அதாவது அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தும் பட்டியலில் இருப்பவை என்பதால் நமக்குள் ஒரு நடுக்கம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. விலங்கு மருத்துவருக்கு வேண்டியது மருந்தின் பெயர்தான், அது யாருடையது என்பதல்ல. பரீட்சை நேரத்தில் சிநேகிதனிடம் வாங்கி வைத்திருந்த மாத்திரையைப் பூனை தின்றுவிட்டால்கூட, உங்கள் கல்லூரிப் பிள்ளை பயப்படாமல் பெயரைச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே அதை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மருந்து வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தை திறக்க முடியாத மூடி புட்டிக்குத்தான் இருக்கிறது. ஏழு நாள் டப்பாவுக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் அது இல்லை. பூனை கசப்பானதைத் தொடாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஃபெக்சர் காப்சூலைப் பூனைகள் தாமாகவே தேடி வந்து தின்னும் என்பது விலங்கு நச்சியல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன விஷயம். தோலில் ஒட்டும் மெத்தில்ஃபெனிடேட் பட்டையைக் கழற்றிய பிறகும் அதில் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

இந்தக் கடிதத்தைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் உங்கள் உறவினர்களுக்கும் அனுப்பலாம். மெத்தில்ஃபெனிடேட் அங்கேயும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது, அங்கேயும் இப்போது வீட்டுக்குள் பூனை வளர்க்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரிந்திருக்கும். அங்கே போனாலும் முதலில் சொல்ல வேண்டியது மருந்தின் பெயரைத்தான்.

பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் விழாப் பட்டியல் போடும்போது மேலே சொன்ன இரண்டு எண்களையும் ஒருமுறை போட்டு வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு குழந்தை மனநல மருத்துவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் தமிழில் பேசச் சொல்லுங்கள், தாத்தா பாட்டிகளும் கேட்கும்படி. 2022-இல் இந்த நாட்டில் 3 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 70 லட்சம் பேர், எப்போதாவது ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்டவர்கள் என்று அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இப்போதும் ஏடிஎச்டி இருப்பவர்களில் பாதிக்கு மேல் மருந்து சாப்பிடுகிறவர்கள். நம் உணவுக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யாருமே இல்லை என்றா நினைக்கிறீர்கள்?

அன்று நாய்க்குட்டியோடு எதிரே உட்கார்ந்திருந்தார்களே, அவர்களிடம் போன வாரம் நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பொண்ணும் கான்சர்ட்டா சாப்பிடுறா" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.

மிளகு நன்றாக இருக்கிறான். மழித்த காலில் மயிர் வளர்ந்துவிட்டது. தயிருக்கு அவனுக்குத் தனியாக ஒரு பீங்கான் கிண்ணம். மகனின் எவர்சில்வர் கிண்ணத்தை அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார், முடித்ததும் கையோடு அலம்பிக் கவிழ்த்துகிறார். பேரனிடம் "மருந்து சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறார். அவனும் "சாப்பிட்டேன் பாட்டி" என்கிறான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேசையில் இருப்பேன். அத்தையும் வருகிறார். ஃபிரிட்ஜில் ஒட்டும் தாளை முப்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், பெயரும் அளவும் நிரப்பிக்கொள்ள இடம் விட்டு. பூனை இல்லாதவர்களும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மிளகு வீட்டு அம்மா